மண்ணைக் கேட்டு வீடு கட்டு



தைப்பூசத்திற்குக் கிள்ளானிலிருந்து பத்துமலைக்கு இரயிலில் போயிருப்பீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டுச்சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கே.எல். சென்ட்ரல் வழியாகப் போகும் பயணம் அது. வழிநெடுகச் சன்னலுக்கு வெளியே தெரியும் மாடிகளையும் கடைகளையும் பார்த்திருப்பீர்கள். ஆனால், அந்த இரயில் ஓடும் நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

கிள்ளானில் பெரும்பாலும் கடலும் ஆறும் கொண்டுவந்து சேர்த்த மெத்தென்ற களிமண். வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகுதான் அங்கே தோட்டமே போட முடிந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த செங்கல் சூளைகளால்தான். பத்துமலையில் 272 படி ஏறினால் சுண்ணாம்புக் குகை. ஒரு நாள் பயணத்தில் எத்தனை வகை நிலத்தைக் கடந்து போகிறோம்! மேலே எல்லாம் ஒரே மாதிரி தார்ச்சாலை. கீழேயோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அண்மையில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். எங்கள் தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் விற்கப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்ட பின்பு, சேமநிதிப் பணத்தைப் போட்டுப் பூச்சோங் பக்கம் ஒரு பழைய தரை வீட்டை வாங்கிக் குடியேறியவர். வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த நான்கு சுவருக்குள்தான் இருக்கிறது.

"வாத்தியாரே, சுவர்ல ஒரு கோடு விழுந்திருக்கு. முதல்ல தலைமயிர் மாதிரி இருந்துச்சு. இப்ப ஐம்பது காசு நுழையுது. சமையலறைக் கதவு சாத்த மாட்டேங்குது" என்றார். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதையாம். அந்த இடத்தில் முன்பு ஈயக்குட்டை இருந்தது என்று வயதான சீனர் ஒருவர் சொன்னாராம். குட்டை எங்கிருந்து எதுவரை இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. "மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு யாரைக் கேக்கறது வாத்தியாரே?"

வாசகர்களே, மண்ணையே கேட்கலாம். மண் பதில் சொல்லும். எப்படி என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பேசப்போகிறேன்.

தமிழ்நாட்டில் கிணறு வெட்டுவதற்கு முன்பு நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருவார்கள் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார்களாம். தேங்காய் எழுந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் என்பார்களாம். இன்று அதே தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்கு முன்பு பல இடங்களில் இரும்புக் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்கள். இதற்கு மின்தடை ஆய்வு என்று பெயர்.

மின்தடை என்றால் என்ன? மின்சாரம் தன் வழியே ஓடவிடாமல் ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பு. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, ஏன்? காய்ந்த தோலைவிட ஈரத் தோலில் மின்சாரம் எளிதாக ஓடும் என்பதால்தான். நிலமும் அப்படியே. ஈரக் களிமண்ணில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். உப்புநீர் ஊறிய கடலோர மண்ணில் இன்னும் எளிதாக ஓடும். காய்ந்த மணலும் கெட்டிப் பாறையும் எளிதில் வழிவிடா.

இந்தத் தடையை ஓம்-மீட்டர் என்ற அளவில் சொல்கிறார்கள். களிமண்ணுக்குப் பெரும்பாலும் 100க்குக் குறைவாக வரும். உடையாத கருங்கல்லுக்கோ ஆயிரக்கணக்கில் வரும். இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான், தோண்டாமலே உள்ளே இருப்பதை ஊகிக்க முடிகிறது.

இந்த வழியைக் கண்டவர்களில் முதன்மையானவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கான்ராட் ஸ்லம்பர்ஜர் என்ற பேராசிரியர். குளியல் தொட்டி ஒன்றில் மணலை நிரப்பி, அதில் மின்சாரம் செலுத்திச் சோதனை தொடங்கியவர் அவர். 1912ஆம் ஆண்டில் திறந்த நிலத்திலேயே செய்து பார்த்தார். 1915ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிராங்க் வென்னர் நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் ஊன்றி அளக்கும் முறையை வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை அதுதான்.

முறை மிக எளிது. நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் தரையில் ஊன்ற வேண்டும். வெளியே இருக்கும் இரண்டு கம்பிகள் வழியாக மின்சாரத்தைச் செலுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். செலுத்திய மின்சாரமும் அளந்த அழுத்தமும் தெரிந்தால், கம்பிகளின் இடைவெளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மண்ணின் தடையைச் சொல்லிவிடலாம்.

அப்படியானால் ஆழம் எப்படித் தெரியும்? பள்ளித் திடலில் இரண்டு பிள்ளைகள் கயிறு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் நெருங்கி நின்று சிறிய கயிற்றைச் சுற்றினால் வளைவு சிறியது. விலகி நின்று நீண்ட கயிற்றைச் சுற்றினால் வளைவு பெரியது. மின்சாரமும் ஒரு கம்பியிலிருந்து மறு கம்பிக்கு வளைந்துதான் போகிறது. கம்பிகளை நெருக்கி ஊன்றினால் மேல்மண்ணின் செய்தி வரும். விலக்கி ஊன்றினால் அடியில் இருக்கும் பாறையின் செய்தியும் சேர்ந்து வரும்.

இப்போது நாற்பது ஐம்பது கம்பிகளை வரிசையாக ஊன்றி, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைத்துவிடுகிறார்கள். எந்த நான்கு கம்பிகள் இப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை ஒரு பெட்டி தானாகவே மாற்றி மாற்றி அளந்துகொள்கிறது. பிறகு கணினி அந்த அளவுகளையெல்லாம் சேர்த்து, நிலத்தைக் கத்தியால் வெட்டி வைத்தது போல ஒரு வண்ணப் படம் தருகிறது. தடை குறைந்த இடம் நீலம், மிகுந்த இடம் சிவப்பு என்று காட்டுவது வழக்கம்.

இதில் நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தப் படத்தை வரையும் கணினி நிரல்களில் உலகெங்கும் பெயர் பெற்ற ஒன்றை உருவாக்கியவர் நம் பினாங்கைச் சேர்ந்த எம். எச். லோக் என்ற அறிஞர். 1990களில் அவர் உருவாக்கிய முறையைத்தான் பல நாட்டு ஆய்வாளர்களும் பயன்படுத்தி வருகிறார்கள். நம் ஊரில் என்ன இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, தண்டல் ஐயாவின் வீட்டுக்கு வருவோம். அந்த வரிசையில் இருந்த குடும்பங்கள் கூடிப் பேசிப் பணம் சேர்த்து ஆய்வாளர்களை அழைத்தார்கள். ஒரு சனிக்கிழமை காலையில் நானும் போயிருந்தேன். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் புல்திடலில் 100 மீட்டர் நீளத்திற்குக் கயிறு பிடித்து, இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக 41 கம்பிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். மின்சாரம் ஓடும்போது கம்பியைத் தொட்டால் ஆபத்து என்பதால் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவது என் வேலையாகிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் கார் பேட்டரி ஒன்று. அவ்வளவுதான் கருவி.

"இவ்வளவுதானா வாத்தியாரே? தோண்டவே மாட்டாங்களா?" என்று பெரியவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சில நாள் கழித்துப் படம் வந்தது. இரு ஓரங்களிலும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. நடுவில் மட்டும் கிண்ணம் போல ஒரு நீலம், பத்து மீட்டருக்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தது. ஈயம் அலசிய காலத்தில் மணல் ஒரு பக்கமும் குழம்பு போன்ற சேறு ஒரு பக்கமுமாக ஒதுங்கும். அந்தச் சேறு நிரம்பிய பழைய குட்டைதான் அந்த நீலக் கிண்ணம் என்று பொறியாளர் விளக்கினார். பிறகு இரண்டு இடத்தில் துளை போட்டுப் பார்த்தார்கள். சேறுதான். ஆறு வீடுகள் அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் நிற்கின்றன. ஒரு பாதி கெட்டி மண்ணில், மறு பாதி சேற்றில். ஒரு பக்கம் இறங்க, மறு பக்கம் நிற்க, நடுச்சுவர் கிழிகிறது.

பெரியவர் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "முப்பது வருசம் மரத்தைப் பாத்தே நோயைச் சொன்னவன் நான். மண்ணைக் கேக்கத் தெரியாமப் போச்சே" என்றார். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாசகர்களே, இது ஒரு வரிசை வீட்டின் கதை மட்டும் அன்று. கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியில் கிடப்பது, பத்துமலையில் நாம் ஏறிப் பார்க்கும் அதே சுண்ணாம்புக்கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறை அது. மழைநீரில் கலந்திருக்கும் மெல்லிய அமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். பத்துமலையில் அப்படிக் கரைந்த குகையில் நாம் நின்று கும்பிடுகிறோம். நகரத்தில் அத்தகைய பொந்துகளும் ஊசி போன்ற பாறை முனைகளும் மண்ணால் மூடிக் கிடக்கின்றன. நிலத்தடி நீர் இறங்கினாலோ, உடைந்த குழாயிலிருந்து நீர் கசிந்தாலோ, மேலிருக்கும் மண் மெல்ல அந்தப் பொந்துக்குள் கரைந்து இறங்கும். மேலே சாலை மட்டும் அப்பளம் போல நிற்கும். ஒரு நாள் அதுவும் உள்வாங்கும்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் கட்டத் தொடங்கியபோது, முதலில் குறித்த இடத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை ஒரு பக்கம் செங்குத்தாகச் சரிந்து இறங்குவதைத் துளைபோட்டுக் கண்டார்கள். ஒரு கால் பாறையிலும் மறு கால் மெத்தை மண்ணிலும் நின்றால் கோபுரம் சாயும் அல்லவா? அதனால் இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளிவைத்து, சில தூண்களை 100 மீட்டருக்கும் மேல் ஆழமாக இறக்கினார்கள். உலகமே அண்ணாந்து பார்க்கும் கோபுரத்துக்கு வந்த சிக்கலும், தண்டல் ஐயாவின் சமையலறைச் சுவருக்கு வந்த சிக்கலும் ஒன்றேதான். அங்கே முன்பே கேட்டார்கள், இங்கே கேட்கவில்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாளை நாம் மறக்க முடியாது. மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த சகோதரி ஒருவர் சுமார் 8 மீட்டர் ஆழக் குழியில் விழுந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. இடையில் ஆகஸ்டு 28ஆம் நாள் அருகிலேயே இன்னொரு குழியும் விழுந்தது. நாம் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் தெரு அது. நம்மில் எத்தனை பேர் அந்த நடைபாதையில் பிள்ளையைக் கைப்பிடித்து நடந்திருப்போம்!

பொந்துகள் மட்டும் அல்ல. பூமியில் பிளவுகளும் உண்டு. பாறை ஒரு காலத்தில் உடைந்து, ஒரு பக்கம் நகர்ந்து நின்ற கோடுகள் அவை. உலு கிள்ளானிலிருந்து பார்த்தால் தெரியும் புக்கிட் தாபூர் மலைமுகடு அத்தகைய பிளவு ஒன்றில் வெள்ளைக் குவார்ட்ஸ் கல் நிரம்பி இறுகி உண்டானது. சுற்றியிருந்த பாறை தேய்ந்து போக, அது மட்டும் சுவர் போல நிற்கிறது. எல்லாப் பிளவும் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல பிளவுகளில் பாறை நொறுங்கி, நீர் தேங்கி, மண்ணுக்கு அடியில் மறைந்து கிடக்கும். நொறுங்கிய ஈரப் பாறையில் மின்சாரம் எளிதாக ஓடுமாதலால், மின்தடைப் படத்தில் இரு சிவப்புப் பாறைகளுக்கு நடுவே செங்குத்தான நீலக் கோடாக அது தோன்றும். 2007ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பகாங்கின் புக்கிட் திங்கியில் நிலம் சிறிதாக அதிர்ந்ததும், அந்த அதிர்வுகள் 2009 வரை விட்டுவிட்டு வந்ததும் சிலருக்கு நினைவிருக்கும். நம் நாட்டுப் பழைய பிளவுகளும் அறவே உறங்கிவிடவில்லை என்று அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள்.

இந்த ஆய்வு எல்லாம் அறிந்த சோதிடம் என்று நான் சொல்ல மாட்டேன். நீர் நிரம்பிய பொந்தும் ஈரக் களிமண்ணும் படத்தில் ஒரே நீலமாகத் தெரியலாம். காற்று மட்டும் நிரம்பிய வெற்றுப் பொந்தோ, கெட்டிப் பாறையைப் போலச் சிவப்பாகத் தெரியும். அதனால்தான் படம் பார்த்த பிறகு ஐயமுள்ள இடத்தில் துளைபோட்டு உறுதி செய்ய வேண்டும். அப்படியானால் துளை மட்டும் போட்டால் போதாதா என்பீர்கள். துளை ஒரு புள்ளியைத்தான் காட்டும். இரண்டு துளைக்கு நடுவில் ஒரு குகையே ஒளிந்திருக்கலாம். துளையை எங்கே போடுவது என்று காட்டிக்கொடுப்பதுதான் இந்தப் படத்தின் பெரிய உதவி.

இன்னொரு குறையும் உண்டு. ஊர் எழும்பிய பின்பு இந்த ஆய்வு கடினமாகிவிடுகிறது. தார்ச்சாலையில் கம்பி அடிக்க முடியாது. நிலத்துக்குள் போகும் இரும்புக் குழாயும் மின்கம்பியும் அளவைக் குழப்பிவிடும். மஸ்ஜித் இந்தியாவில் தரையை ஊடுருவிப் பார்க்கும் ராடார் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் ஈரக் களிமண்ணில் ஆழமாகப் பார்க்காது. ஆகவே மண்ணைக் கேட்க வேண்டிய நேரம், அதன் மேல் சிமெண்டு போடுவதற்கு முன்புதான். வெறும் திடலாக இருக்கும்போது சில நாளில் முடியும் வேலை, வீடு எழும்பிய பின்பு ஆறு குடும்பத்தின் கண்ணீராகிறது.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த நம் மக்களுக்கு இது முக்கியமான செய்தி. மலிவாகக் கிடைக்கிறது என்று நாம் வாங்கும் வீடு பழைய குட்டையிலோ, சதுப்பிலோ, வெட்டிய மலைச்சரிவிலோ நிற்கலாம். உலு கிள்ளானில் 1993 டிசம்பர் 11ஆம் நாள் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் மாண்டதை மறக்கலாகாது. வசதியானவர்கள் வாங்கிய வீடுகளே அவை.

எனவே, என் வேண்டுகோள்கள் சில:

வீடு வாங்கும் முன், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். குட்டையா, காடா, தோட்டமா என்று அவர்களுக்குத் தெரியும்.

புதிய வீடு என்றால், மண் ஆய்வு செய்தார்களா, என்ன தெரிந்தது என்று மேம்பாட்டாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர் செவிசாய்க்காவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. பழைய வீடு வாங்குவோருக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. அவர்கள் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

சுவரில் சாய்வாகக் கோடு விழுந்தால், அதன் இரு முனையிலும் பென்சிலால் குறியிட்டுத் தேதியை எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். குறியைத் தாண்டிக் கோடு நீண்டால், பூச்சு பூசி மறைக்காமல் பொறியாளரை அழையுங்கள்.

தரையில் திடீரென்று பள்ளம் விழுந்தால் எட்டிப் பார்க்காதீர்கள். ஓரம் உட்குடைந்திருக்கும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு நகராண்மைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். குப்பையைக் கொட்டி மூடுவது நோயை மூடி வைப்பது போன்றது.

தண்டல் ஐயாவின் வீடு இன்னும் அப்படியேதான் நிற்கிறது. அடித்தளத்தை எப்படித் தாங்கவைப்பது, செலவை யார் ஏற்பது என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இப்போது அந்த ஆறு குடும்பத்தார் கையில் ஒரு படம் இருக்கிறது. முன்பு "சும்மா பூச்சு வெடிப்பு" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியவர்கள், இப்போது உட்காரச் சொல்லிப் பேசுகிறார்கள்.

சென்ற வாரம் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். மூத்த மகன் காப்பார் பக்கம் வீடு பார்த்திருக்கிறானாம். "முன்பணம் கட்டலாம்னான் வாத்தியாரே. முதல்ல மண்ணைக் கேட்டாங்களான்னு விசாரிச்சுட்டு வாடான்னு அனுப்பிட்டேன்" என்றார்.

பெண் பார்க்கப் போனால் ஏழு தலைமுறையை விசாரிக்கும் நாம், வீடு பார்க்கப் போகும்போது காலடியில் இருக்கும் ஒரு தலைமுறையையாவது விசாரிக்க வேண்டாமா? எண்ணிப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.